கல்வராயன் மலையின் செக்கிங் பிளேட்டு

எழும்பூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றுகொண்டு, "உங்ககிட்ட ஜாஸ் பிளேட்டு இருக்குதா?" என்று கத்தினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து, கரகரப்புக்கு நடுவே, "ஜாஸ்... இருக்குதுங்க. வந்து பாத்து எடுத்துக்கினு போங்க" என்று ஓர் ஆண் குரல் சொன்னது. அதோடு லைன் அறுந்துவிட்டது. எதையும் சந்தேகப்படுவது என் சுபாவம். அன்றைக்கு அதற்குக்கூட அவகாசம் இல்லாததால், அந்தக் குரலை நம்பி மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

காரணம் பெர்சி. பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர், என் பழைய சிநேகிதர். ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றின் பாண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் வாசித்தார். இப்போது அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது மாதிரி பெர்சி இதை என்னிடம் சொன்னார். நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் அழுதேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தத் தட்டு எங்கயாவது கெடைக்குமா மேன்? ஒரு தடவ கேட்டுட்டா போதும். நான் எப்படி வாசிச்சேன்னு எனக்கே மறந்து போச்சு."

பெர்சியின் வாசிப்பு ஒரே ஓர் இசைத்தட்டில்தான் பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டு விருந்தாளிகள் ஞாபகார்த்தமாக வாங்கிப் போகட்டும் என்று ஓட்டல்காரர்கள் போட்ட சின்னத் தட்டு. அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் விற்பார்கள். பெர்சியிடம் இருந்த ஒன்றை ஆஸ்திரேலியாவில் இருந்த அக்காவுக்கு அனுப்பினார், அது துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் ஓட்டலையே மூடினார்கள். மேஜை நாற்காலியோடு இசைத்தட்டுகளையும் ஏலம் விட்டார்கள். சென்ட்ரல் பக்கம் பழைய தட்டு விற்கும் ஒருவரைப் பிடித்துத் துருவியதில், தட்டுகள் மொத்தத்தையும் கள்ளக்குறிச்சியில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் ஒரு பாய் அள்ளிக்கொண்டு போனார் என்று தெரிந்தது. அப்புறம்தான் அந்த டெலிபோன்.

நான் கொண்டுபோன மூட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டை வைக்க இரண்டு அட்டைகள், சுற்றுவதற்குப் பழைய வேட்டி, வழியில் தட்டு உடைந்துபோனால் என்ன செய்வது என்று அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே அதைப் பதிவு செய்துகொள்ள மருமகனின் சின்ன டேப் ரிக்கார்டர், இரண்டு கேசட், பை கனக்கும் அளவுக்கு பாட்டரி. "ஊருக்குப் போறீங்களா, குடி போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். "பாட்டரிக் கடை வைக்கப் போறார்" என்று மகள் சொன்னாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய தட்டு வாங்குகிறவனின் கவலைகள் வரிசையாக வந்தன. தட்டு இருக்கும், கீறியிருக்கும். கீறியிருக்காது, வளைந்திருக்கும். உறை சரியாக இருக்கும், உள்ளே வேறு தட்டு இருக்கும். நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஜாஸ் வந்ததே கப்பலில்தான். மாலுமிகள் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போகிற தட்டுகளை வாங்கி வாங்கிப் பழகினேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் நான் ஏமாறாத விதமே கிடையாது. ஒரு தடவை ஆசையாக வாங்கி வந்த உறைக்குள் ஸ்பானிஷ் மொழிப் பாடம் இருந்தது. முழுவதையும் கேட்டேன், காசு கொடுத்தாயிற்றே.

கள்ளக்குறிச்சியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். சென்னையில் சால்னா என்று ஊற்றுவதைப் பற்றி இனி நான் எதுவும் பேசப்போவதில்லை. இங்கே அது காரமாகவும் மானமாகவும் இருந்தது. வயிற்றைக் கலக்குமோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்தினேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஜப்பார் பாயின் கடை கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் கூம்பு ஸ்பீக்கர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பாய் வெள்ளைப் பனியனும் லுங்கியுமாக ஓர் ஆம்ப்ளிபயரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மெட்ராஸ்லருந்து போன் பண்ணேனே..."

"ஆமாங்க! வாங்க, வாங்க. சொன்னனே, ஜாஸ்தி இருக்குதுன்னு. நீங்களே பாருங்க, ஜாஸ்தியா கம்மியான்னு."

"நான் கேட்டது ஜாஸ்."

"அதான், ஜாஸ்தி."

"ஜாஸ்தி இல்ல பாய். ஜாஸ். அது ஒரு மாதிரி சங்கீதம்."

பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "பிளேட்டு ஜாஸ்தியா இருக்குதான்னு கேக்கறீங்கன்னு நெனைச்சன் சார். கேசட்டு வந்ததுலருந்து எவனும் வாங்கறதில்ல. மனுசன் இவ்ளோ ஆசையாக் கேக்கறாரேன்னு சந்தோசப்பட்டுக்கினு இருந்தன்."

லைனில் தொலைந்த ஒரு 'தி'யால் நான் அத்தனை தூரம் வந்திருக்கிறேன். பாயும் பாவம், அதே 'தி'யை நம்பிப் பின்கட்டு முழுவதையும் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். தட்டுகள் அங்கே சுவரோடு சுவராக, என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. சொன்னது சொன்னபடி ஜாஸ்தியாகவே இருந்தன.

சாயங்காலம் வரை தேடினேன். பழைய தட்டு பார்க்க ஒரு முறை இருக்கிறது. உறையை நம்பக் கூடாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். நடு ஓட்டையைச் சுற்றிப் பார்த்தால் எத்தனை பேர் அவசரமாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஓட்டல் சரக்கும் கொஞ்சம் அகப்பட்டது. கிறிஸ்துமஸ் பாட்டு, நடனப் பாட்டு, யாரோ ஒரு துரைசானிக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிய உறை. பெர்சியின் தட்டு மட்டும் இல்லை. கை கறுத்து, முதுகு விட்டுப்போய், அடுக்கின் கடைசித் தட்டையும் பார்த்து முடித்து உறைக்குள் செருகினேன்.

பாய் டீ வரவழைத்தார். "அந்தப் பாட்டு எப்டி இருக்கும்னாச்சும் சொல்லுங்க சார்."

எனக்குப் பாட வராது. ஆனால் அந்த மெட்டு எனக்கு அத்துப்படி. அந்த ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வசதி போதாது. தெரிந்த சர்வர் ஒருவர் தயவில் சமையலறைக் கதவோரம் நின்றுதான் பெர்சியைக் கேட்பேன். நேரில் கேட்பதில் ஒரு கஷ்டம் உண்டு. தட்டில் இருப்பது சங்கீதம் மட்டும். ஓட்டலில் தட்டு, டம்ளர், முள்கரண்டி எல்லாம் சேர்ந்து வாசிக்கும். பெர்சி உயிரைக் கொடுத்து ஊதி முடிப்பார், ஒருவர் ஐஸ்கிரீம் கேட்பார். "பாகவதருக்கு ஒன்ஸ்மோர், நாடகக்காரனுக்கு ஒன்ஸ்மோர். எல்லாருக்கும் ஒன்ஸ்மோர் கேக்குற ஊரு மேன் இது. எனக்கு மட்டும் ஸ்பூன் சத்தந்தான்" என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டை முனகினேன். முதல் இரண்டு வளைவு முடிந்து மூன்றாவது ஏறும்போது, இன்னொரு குரலும் என்னோடு சேர்ந்து முனகியது. கண்ணைத் திறந்தேன். ஜப்பார் பாய்!

"இது எங்க செக்கிங் பிளேட்டாச்சே சார்!"

"என்ன பிளேட்டு?"

"செக்கிங் பிளேட்டு. எங்க செட்டு கட்டனாலும் மொதல்ல இத்தப் போட்டு, கூம்புக் குழா நாலும் பேசுதான்னு பாப்போம். அப்பாலதான் சாமி பாட்டு. ஜலதோசம் புடிச்ச நாயனம் மாதிரி ஒண்ணு வருமே, கரகரன்னு? அதுல குழாயோட வண்டவாளம் பூரா தெரிஞ்சிரும்."

பெர்சியின் சாக்ஸபோனைப் பற்றி இத்தனை காலத்தில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஒரே விமரிசனம் அதுதான். நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது எங்கே?"

"மேல போயிடுச்சு சார்."

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ, மலைக்கு சார்! கரியாலூர்ல கல்யாணம். செட்டோட போயிருக்குது. நம்ம கடை ஆளு ஏழுமலை நாளைக்கு மத்தியானம் செட்டு கட்டுவான்."

விலைக்குக் கேட்டேன். பாய் காதில் விரலை வைத்துக்கொள்ளாத குறை. "வேற எத்த வேணா எடுத்துக்கினு போங்க. அத்த மட்டும் கேக்காதீங்க." ஒரு தடவை அந்தத் தட்டைப் போடாமல் நேராகச் சாமி பாட்டு போட்டார்களாம், ஆம்ப்ளிபயர் புகைந்துவிட்டதாம். மலையில் அந்தப் பாட்டு கேட்டால்தான் செட் வந்ததாகவே கணக்கு, இன்னும் சொல்லப்போனால் அதைக் கேட்ட பிறகுதான் சமையல்காரர் அடுப்பே மூட்டுவாராம். இன்னொரு பிரதி? "ரெண்டு வந்துது. ஒண்ணு வெயில்ல கெடந்து அப்பளமாப் பூடுச்சு."

நான் பெர்சியைப் பற்றிச் சொன்னேன். கட்டியை, திங்கட்கிழமையை, ஒற்றைக் காதை. பாய் கையிலிருந்த சால்டரிங் இரும்பைக் கீழே வைத்தார்.

"பிளேட்டக் குடுக்க முடியாது சார். ஏழுமலை போடசொல்ல நீங்க பதிவு பண்ணிக்கினு போங்க. நான் சொன்னன்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணு, செக்கிங் போடற நேரத்துல நீங்க அங்க இருக்கணும். வுட்டா கெடைக்காது." பிறகு, "மொதல்ல வூட்ல வந்து சாப்டுங்க" என்றார். அன்றைக்கு அவர் வீட்டுக் குஸ்காவை நான் ருசித்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். என் மனம் மலையில் இருந்தது. லாட்ஜில் படுத்தும் தூங்காமல், டேப் ரிக்கார்டரில் "ஒன், டூ" என்று நானே பேசி நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். கச்சிராயபாளையம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அணைப் பக்கம் திரும்பியதும் பஸ் நின்றது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டரின் டிரெயிலர் சாய்ந்து, கரும்பு ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, இது சீக்கிரம் தீராது.

சென்னையில் இப்படி நடந்தால் ஆளாளுக்கு ஹாரன் அடிப்பார்கள், கத்துவார்கள். இங்கே பஸ்ஸே இறங்கி, ஆளுக்கொரு கரும்பை உடைத்துக் கடிக்க ஆரம்பித்தது. நான் மட்டும் டிரெயிலரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நானே கரும்பை அள்ளி ஓரமாகப் போட முயன்று கையைக் கிழித்துக்கொண்டேன்.

கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னா சார் இப்டி அல்லாடறீங்க? உங்க வூட்டுக் கல்யாணமா?" என்றாள்.

"இல்லம்மா. மேலே ஒரு பாட்டு கேக்கணும்."

"பாட்டு கேக்கவா மலைக்குப் போறீங்க? கீழ ரேடியோ இல்லியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கரும்புத் துண்டை என்னிடம் நீட்டினாள். மறுக்க முடியவில்லை. கடித்தேன். கவலையோடு கடித்தாலும் கரும்பு தித்திக்கிறது.

வழி திறந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பஸ் மலையேறியது. வளைவுக்கு வளைவு மடியிலிருந்த டேப் ரிக்கார்டரைப் பச்சைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டேன். கீழே கரும்புத் தோட்டங்கள் பச்சைத் துணியாக விரிந்து கிடந்தன என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் கைக்கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கல்வராயன் மலையின் அழகைப் பற்றி இந்தக் கட்டுரையில் எதிர்பார்ப்பவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரியாலூருக்குக் கொஞ்சம் முன்பே, ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்றோடு ஒரு சத்தம் வந்தது. கூம்பு ஸ்பீக்கர். பிள்ளையார் பாட்டு. செக்கிங் முடிந்துவிட்டது. நான் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எறங்குங்க சார், கரியாலூர்" என்று கண்டக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கல்யாண வீட்டின் முன்னால் தழைப் பந்தல் போட்டிருந்தார்கள். பலா மரத்தில் கூம்பு கட்டியிருந்தது. மரத்தடியில் ஒரு மேஜை, அதன் மேல் ஆம்ப்ளிபயர், பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையோடு ஏழுமலை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். கடவுளின் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஒரு மிடுக்கு. நான் வந்த விவரத்தைச் சொன்னேன்.

"பாய் அனுப்பிச்சாரா? செக்கிங் அப்பவே போட்டாச்சே சார்."

"இன்னொரு தடவை போட முடியாதா? ஒரே ஒரு தடவை?"

"நல்லாக் கேட்டீங்க. சாமி பாட்டு ஓடிக்கினு இருக்கசொல்ல செக்கிங் பிளேட்டப் போட்டா, செட்டு ரிப்பேருன்னு அர்த்தம். மாப்ள வூட்டுக்காரங்க என்னிய அருவியிலதான் போடுவாங்க."

"வேறு எப்பதான் போடுவீங்க?"

"செட்டு கட்டசொல்ல ஒரு தபா. கரண்டு போய் வந்தா ஒரு தபா."

"கரண்ட் போகுமா?"

"டெய்லி போவுது. இன்னிக்கின்னு பாத்து நிக்குது" என்றார் ஏழுமலை, என்னவோ நான்தான் அதற்குக் காரணம் என்பது போல.

அந்தத் தட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார். உறை எப்போதோ போய்விட்டது. செய்தித்தாளில் மடித்து வைத்திருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாண்டு மாஸ்டரின் பெயர் பாதி அழிந்து தெரிந்தது. பெர்சியின் பெயர் அதில் முதலிலிருந்தே கிடையாது.

"இத்த ஊதுனவரத் தெரியுமா சார் உங்களுக்கு?"

"என் சிநேகிதர்."

"ஆளு ஒருத்தரு ஊதுனதா?" ஏழுமலை நிஜமாகவே திகைத்தார். "மிசினோட வந்த பிளேட்டுன்னுல்ல நெனைச்சன். உசுரோட இருக்காரா?"

"இருக்கார். திங்கட்கிழமைக்கு அப்புறம் அவருக்குக் காது கேட்காது."

ஏழுமலை என்னை உட்காரச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாட்டு மாறியது. வேறு சாமி, வேறு பாட்டு. நான் மரத்தடியில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில். மாப்பிள்ளையின் அப்பா சின்னையன், கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மெட்ராஸ்லருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, சாப்புடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டு விளக்கு அணைய வேண்டும் என்று காத்திருக்கும் ஆள் நான்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாமைச் சோறு வாய்க்குள் உதிர்ந்துபோய் நின்றது, குழம்பு அதைக் கூட்டிச் சேர்த்தது. இலையில் கொஞ்சம் தேனும் வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தபோது புதுக் கவலை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேர முடியாது. கரண்ட் போகாவிட்டால் பாட்டு இல்லை, போய்த் திரும்பி வர நேரமானால் பஸ் இல்லை. "கடைசி பஸ் எப்ப?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டேன்.

"அந்த பஸ்ஸுக்கு நான்தான் கண்டக்டரு" என்றார் அவர், குழம்பைப் பிசைந்துகொண்டே. "நான் இங்க சாப்ட்டுக்கினு இருக்கறன். பஸ்ஸு எங்க போய்டும்?"

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பாட்டு இழுத்துக்கொண்டு, பாடுகிறவர் மயங்கி விழுவது போல இறங்கி, நின்றது. பந்தல் முழுக்க ஒரு "அடடா". சின்னையன் வானத்தைப் பார்த்துத் திட்டினார். நான் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

அடுத்த கவலை, கரண்ட் வர வேண்டுமே. வேண்டுதலைத் திருப்பிப் போட்டேன். வெயில் சரிந்தது. கண்டக்டர் வெற்றிலை போட்டு முடித்து, எழுந்து, சோம்பல் முறித்தார். நான் டேப் ரிக்கார்டரில் பாட்டரியைக் கழற்றிப் புதிது போட்டேன். அதுவும் பழசோ என்று சந்தேகம் வந்து, இன்னொரு ஜோடி மாற்றினேன்.

"மத்த நாள்ல குழா நாலும் பேசுச்சுன்னா ஊசியத் தூக்கிடுவன் சார்," என்றார் ஏழுமலை தணிந்த குரலில். "இன்னிக்கி முழுசா வுடறன். யாரு இன்னா சொன்னாலும் சரி."

ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பந்தலில் கூச்சல். நான் டேப் ரிக்கார்டரை இரண்டு கையாலும் கூம்பை நோக்கித் தூக்கிப் பிடித்தேன். ஊசி இறங்கியது. எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி முதலில் கீறல் சத்தம். அதற்குள்ளிருந்து பெர்சி வந்தார்.

இளம் பெர்சி. ஒற்றைக் காதுள்ள, தலை முழுக்க முடியுள்ள பெர்சி. மெட்டை ஒரு தடவை நேராகச் சொல்லிவிட்டு, ஜாஸ்காரர்கள் செய்வது போல அதைக் கலைத்துப் போட்டு, தன்னிஷ்டத்துக்கு அலைந்து, திரும்ப வந்து சேர்ந்தார். அந்த மலைக்காற்றில் அது எத்தனை தூரம் போனதோ. தட்டில் கேட்பதும் இல்லாமல், நேரில் கேட்பதும் இல்லாமல், இது வேறு என்னவோவாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

அப்போது ஏழுமலை மைக்கை எடுத்தார். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." சரியாகப் பெர்சியின் தனி வாசிப்பின் மேல். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். "பின்னால கேக்கலீங்களா? ஹலோ! ஹலோ!"

நாய் குரைத்தது. யாரோ அண்டாவை உருட்டினார்கள். பஸ் ஹாரன் அடித்தது, கண்டக்டர் இல்லாமல் டிரைவர் அடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் டேப் விழுங்கியது. பாட்டு முடிந்து ஊசி தூக்கியதும் சமையல் பக்கமிருந்து பெண்கள் கத்தினார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கேட்டதைச் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

"செக்கிங் பிளேட்டு ஒரு தபாதாங்க" என்று ஏழுமலை மைக்கிலேயே கறாராகச் சொன்னார். "அடுத்து பிள்ளையார் பாட்டு."

அதோடு நான் ஓடினேன். பஸ் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெர்சிக்கு மறுநாளைக்காகத் தலையில் பாதியை மழித்திருந்தார்கள். வழியெல்லாம் கேசட் பாழாகியிருக்குமோ என்று பயந்தவன், அவரைப் பார்த்ததும் வேறு மாதிரி பயந்தேன். அவர் கேட்டது அவருடைய வாசிப்பை. நான் கொண்டு வந்திருப்பது நாயும் அண்டாவும் பஸ் ஹாரனும்.

"தட்டு கிடைக்கலை பெர்சி. தட்டு மாதிரி ஒண்ணு கிடைச்சது" என்று அவர் காதருகே சத்தமாகச் சொல்லி, டேப் ரிக்கார்டரை அந்தக் காதோடு சேர்த்து வைத்தேன். அழுத்தினேன்.

அவர் அசையாமல் கேட்டார். விரல்கள் போர்வையின் மேல் தானாக ஓடின. ஓரிடத்தில் முகத்தைச் சுளித்து, "இங்க மூச்சு பத்தல எனக்கு" என்றார். ஏழுமலை ஹலோ சொன்ன இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஓட்டல் எவ்வளவோ தேவலை போலிருக்கிறதே என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. முடிகிறவரை கேட்டார். கடைசியில் புருவத்தைச் சுருக்கினார்.

"முடிஞ்சதும் ஏதோ சண்டை போடுறாங்க மேன். பொம்பளைங்க குரல். என்ன கத்துறாங்க? எனக்குப் பிடிபடலை."

அந்த ஒற்றைக் காதுக்குள் நான் கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"'இன்னொரு தபா! இன்னொரு தபா போடு!'"

பெர்சி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். டேப் ரிக்கார்டரைத் தானே எடுத்து, தலையணையில் வாகாக வைத்து, அதன் மேல் காதைச் சாய்த்துக்கொண்டார்.

"அப்ப போடு மேன். ஜனங்க கேக்குறாங்க இல்ல."

போட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து என்னை வெளியே அனுப்பும் வரை போட்டுக்கொண்டே இருந்தேன். பை நிறைய பாட்டரி இருந்தது.